வாயில் பறி

பறியைக் கவ்வியாயிற்று. இனி வாய் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம், வேறு எதையும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. வயிறு பெருத்து வாய் குறுகினது. அதன் விளிம்பைப் பல்லால் கடித்து மோவாய்க்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, உப்பங்கழியில் இறங்கி மண்டி போட்டு நகர வேண்டும். தண்ணீர் கழுத்துவரை வரும். இரண்டு கையும் அடியில் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். இறால் அகப்பட்டால் எடுத்துப் பறிக்குள் போட வேண்டும். கண்ணுக்கு வேலை இல்லை, தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது. வாய்க்கும் வேலை இல்லை, இன்றைக்கு அது வெறும் ஆணி. இளம்பரிதிக்கு இருபத்து நாலு வயது. ஓவியக் கல்லூரியில் படித்தவன், இதுவரை கண்ணையும் வாயையும் வைத்தே பிழைத்தவன். இரண்டையும் பிடுங்கி வைத்துவிட்டு இறக்கிவிட்டார்கள். ஓலையில் உப்பு கரித்தது. உப்புக்கு அடியில் வேறு ருசி, வெற்றிலையா புகையிலையா, யாருடைய வாயோ. விளிம்பில் பள்ளம் பள்ளமாகப் பல் பதிந்திருக்கிறது, யாரோ பல நாள் கடித்த இடம். அவன் பல் அந்தப் பள்ளத்தில் உட்காரவில்லை. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இதிலும் பாதிதானா என்று நினைத்தான். நினைத்ததும் பறி நழுவப் பார்த்தது. கடித்தான்.

கரையில் மடித்து வைத்த சட்டையின்மேல் போன் இருக்கிறது. பத்து மணிக்கு அது அடிக்கும். மிருணாளினி மேடம் கூப்பிடுவார், ஆழ்வார்பேட்டையில் கேலரி வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை கண்காட்சி, அதில் அவன் படம் மூன்று. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிற அட்டை இன்றைக்கு அச்சுக்குப் போகிறது. 'இருளர் பழங்குடியினரின் பாரம்பரியச் சுவரோவியம்' என்று அட்டையில் எழுதி, கீழே அவன் பேர். அவன் சரி என்று சொன்னால் போதும். சின்னச் சொல்தான். ஆனால் அவன் அம்மாவின் ஆட்கள் சுவரில் படம் வரைந்து அவன் பார்த்தது கிடையாது, கேட்டதும் கிடையாது. அந்த மூன்றும் அவனே உண்டாக்கினது. செம்மண் பூசின காகிதம், வெள்ளைப் புள்ளி, வளைந்து வளைந்து ஒரு பாம்பு, குச்சிக் கை குச்சிக் கால் வைத்த மனிதர்கள். எந்தெந்தக் காட்டு ஜனங்களின் படங்களையோ புத்தகத்தில் பார்த்து மனசில் குலுக்கி, நாலு நாளில் கொட்டினது. பொய் என்றால் பெரிதாக ஏதோ சொல்லியிருப்பான் என்று தோன்றும். ஒன்றும் சொல்லவில்லை. மேடம் அறையில் ஏசி, கண்ணாடி டம்ளரில் எலுமிச்சை மிதந்த தண்ணீர். "உங்க அம்மா இருளர்னு சொன்னீங்களே, அவங்க வீட்டுச் சுவத்துல எல்லாம் வரைவாங்களா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் முகம் பாதி திறந்த கதவு மாதிரி இருந்தது. அவன், "வரைவாங்க மேடம்" என்றான். அவ்வளவுதான். வரைவாங்க. யார் வரைவாங்க, எங்கே வரைவாங்க. அந்த ஒரு சொல்லைத்தான் இரண்டு மாதமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறான்.

"இன்னா மெட்ராசு, சேத்தக் கிள்ளி கிள்ளிப் பாக்கற, மாவு பதமா கீதா?" எல்லம்மா குரல். அவன் தாய்மாமன் மகள், அவனைவிட இரண்டு வயசு பெரியவள், இடுப்புப் பிள்ளைக்காரி. பிள்ளையைக் கரையில் வேப்ப மரத்துத் தூளியில் போட்டுவிட்டுப் பறியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பறி இல்லாத வாய் என்பதால் பேச்சுக்குக் குறைவில்லை. அவளுக்கு அப்பால் அவள் அம்மா குட்டியம்மா, அவனுக்கு அத்தை முறை. இன்னும் தள்ளி இரண்டு பொம்பளைகள், தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரிகிறது, தலைக்கு முன்னால் பறி மிதக்கிறது, வாத்து மூக்கு மாதிரி. "எறா முன்னாடி ஓடாது, மெட்ராசு. தொட்டா பின்னாடி எகிறும். நீ மூஞ்சியாண்ட கைய கொண்டுபோயி வணக்கம் சொல்லினு கீற." பொம்பளைகள் மூக்கால் சிரித்தார்கள். மூக்கால்தான் சிரிக்க முடியும். மெட்ராசு. நாலு தடவை வந்தாகிவிட்டது இந்தக் கழிக்கு, செங்கல்பட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ், இறங்கி இரண்டு மைல் நடை, நாலு தடவையும் மெட்ராசுதான். அவன் மெட்ராசே கிடையாது, செங்கல்பட்டு. சொல்லிப் பார்த்தான், "அங்கதான கீது" என்றுவிட்டாள். மாமன் அதுகூடச் சொல்வதில்லை. மாமன் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதல் தடவை வந்தபோது ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கெங்கம்மா சோறு துன்றாளா?" என்று கேட்டார். "சாப்பிடறாங்க" என்றான். "ம்" என்றார். இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் தங்கச்சியைப் பற்றி அந்த ஒரு கேள்வி, ஒரு ம். அப்புறம் அரிவாளை எடுத்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்கு விறகு வெட்டப் போய்விட்டார். வாடா மருமவனே என்று ஒரு வார்த்தை. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும். மருமகன் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான், நாக்கு ஓலையில் முட்டியது.

அன்றைக்கு மாமன் போனபிறகு அவன் செய்த முதல் காரியம் சுவரைப் பார்த்தது. வெட்கக்கேடு. தாய் பிறந்த வீட்டுக்குள் நுழைந்தவன் யாராவது சுவரைப் பார்ப்பானா, பார்த்தான். ஒரு கோடாவது இருக்காதா, ஒரு புள்ளி, மாவால் இழுத்த ஏதாவது கோலம் மாதிரி, ஒரு கை அச்சு. இருந்தால் பொய் பொய்யில்லை என்று ஆகிவிடும், அதற்குத்தான் அந்த அவசரம். சுவரில் ஒரு காலண்டர் இருந்தது, போன வருஷத்தது. ஒரு பல்லி. கரியால் எழுதின போன் நம்பர் ஒன்று, பக்கத்தில் 'விலாங்கு' என்று எழுதியிருந்தது. விலாங்கு மீன் வாங்குகிறவன் நம்பராம். அதை அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்பதை ஒரே இழுப்பில் சுழித்திருந்தது, நல்ல கை. எல்லம்மா எழுதினது. அவள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சொவுத்துல இன்னா தேட்ற, ஓட்ட கீதா?" என்று கேட்டாள். இல்லை என்றான். இல்லை என்று சொல்லத் தெரிகிறது. இவளிடம் சொல்ல வருகிறது, மேடத்திடம் வரவில்லை. ஏன். மேடம் நல்லவர். நல்லவர் ஆசையோடு கேட்டால் ஏமாற்ற மனசு வராது, அதனால் ஏமாற்றினான்.

விரலில் ஏதோ இடறியது. துடிப்பு, கண்ணாடித் துண்டு மாதிரி மழமழவென்று ஒன்று, இருந்தது, இல்லை. பின்னால் எகிறிவிட்டது. கையைப் பின்னால் வைத்திருக்க வேண்டும். சேறு சில்லென்று, பிறகு அடியில் வெதுவெதுப்பு. மேலே மெத்தென்று விரல் இறங்கும், கீழே மணல் நறநறக்கும், நடுவில் வேரா புல்லா தெரியாத ஒன்று விரலைச் சுற்றும். கெளுத்தி இருக்குமோ என்று பயம். கெளுத்தி முள் குத்தினால் கை இரண்டு நாள் வீங்கும் என்றாள் அத்தை. எந்தக் கை. வரைகிற கை. வலது. அப்படியானால் இடதை முன்னால் விடலாம். கல்லூரியில் சூர்யபிரகாஷ் என்று ஒருவன் இருந்தான், எந்நேரமும் இளித்த முகம். "மச்சான் நீ பாதி தானே, எந்தப் பாதி?" என்று கேட்பான். இவன் சிரித்துக்கொண்டே, "இடது பாதி" என்பான். அதிலிருந்து இடது கையில் தூரிகையைக் கொடுத்து, வரைடா பழங்குடி என்பார்கள். அவனும் வரைவான். சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். கெட்டவர்கள் இல்லை, சோறு பங்கிட்டுத் தின்றவர்கள்தான். வீட்டுக்கு வந்து இடது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இருளர் சங்கத்திலிருந்து ஒருவர் கல்லூரிக்கு வந்திருந்தார், இருளர் பிள்ளைகளுக்காக ஓடி ஓடி உழைக்கிறவர், அவரிடம் போய்த் தன் கதையைச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, சாதிச் சான்று அப்பா பேர்ல தானே இருக்கு? அப்ப நீங்க ஊர்க்காரங்க, இருளர்ல வர மாட்டீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எங்க புள்ளைங்க ஒரு காகிதத்துக்கு ஆறு வருஷமா அலையுதுங்க" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அவர் சொன்னது நியாயம். நியாயம் என்பதால்தான் தூக்கம் போயிற்று. அப்பாவின் ஆட்களிடம் போனால் அங்கே வேறு நியாயம். தாத்தா செத்தபோது அப்பாவின் ஊரான கல்பட்டியில், அந்த வீட்டில் அம்மாவைப் பந்தலுக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். வெயில். அப்பா பேசாமல் எழுந்து போய் அம்மா பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்தார். மின்வாரியத்தில் லைன்மேன் அவர், பன்னீர் என்று பேர், கம்பத்தின் உச்சியில் நின்று வெயில் பழகினவர். பிள்ளைக்குச் சுத்தத் தமிழில் பேர் வைத்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று இளம்பரிதி என்று வைத்தார். எல்லோரும் எல்லாம் கேட்டார்கள்.

அகப்பட்டது. இந்த முறை நிஜமாகவே. இடது கை முன்னால் தட்டியது, வலது கை பின்னால் காத்திருந்தது, அது தானாகவே வந்து உள்ளங்கைக்குள் மோதியது. உயிருள்ள ஒன்று உள்ளங்கைக்குள் உதைக்கிறபோது உடம்பு பூராவும் உள்ளங்கை ஆகிவிடுகிறது. பறிக்குள் போட்டான். பறி மோவாயில் லேசாக உதைத்தது. யாரும் பார்க்கவில்லை. சொல்லவும் முடியாது. ஒன்று, என்று மனசுக்குள் சொன்னான். பிறகு இரண்டு. கை தனியாக வேலை செய்ய ஆரம்பித்தால் தலை தனியாக எங்கேயோ போய்விடுகிறது, போகட்டும். அம்மாவின் கை ஞாபகம் வந்தது. ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிறவன் வீட்டில்தான் எப்போதும் கரண்டு இருக்காது. சாயங்காலம் படித்துக்கொண்டிருக்கும்போது போய்விடும். மற்ற வீடுகளில் தீப்பெட்டி எங்கே, மெழுகுவத்தி எங்கே என்று சத்தம். அம்மா எழுந்திருக்கவே மாட்டாள். இருந்த இடத்திலிருந்து கையை மட்டும் நீட்டுவாள். தடவுவது தெரியாது, தேடுவது தெரியாது, கை தரையோடு தரையாகப் போய்த் தீப்பெட்டியின் பின்பக்கமாக இறங்கும். எப்போதும் பின்பக்கம். அவன் ஓடி ஒளிந்து விளையாடுவான், மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையில் நிற்பான், அவள் கை அவன் கழுத்துக்குப் பின்னால் வந்து பிடிக்கும், இறாலைப் பிடிக்கிற மாதிரி. அப்போது தெரியாது. இப்போதுதான், கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும்போதுதான் தெரிகிறது, அது இந்தக் கை. இந்தச் சேற்றிலிருந்து போன கை. செங்கல்பட்டில் வாடகை வீட்டு சிமெண்டுத் தரையில் இருபத்தாறு வருஷம் அந்தக் கை தடவிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மூன்று, நாலு.

அவள் எதையும் சொன்னதில்லை. யாராவது கேட்டால் அப்பா பேரைச் சொல்லு, அப்பா ஊரைச் சொல்லு, அத்தோடு நிறுத்து. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாசலில் வைத்துச் சொன்னது. மாசி மாசம் பௌர்ணமி வந்தால் மட்டும் அவளுக்கு என்னமோ ஆகும். காலையிலிருந்து சிடுசிடுப்பு. பாத்திரம் இரைச்சல் போடும். சோறு பொங்க மாட்டாள், அப்பா கடையில் இட்லி வாங்கி வருவார். அவரும் ஏன் என்று கேட்க மாட்டார். அன்றைக்கு இருளர் ஜனங்கள் எல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மாவைக் கும்பிடுகிற நாள் என்று இவனுக்குப் பதினெட்டு வயசில் பேப்பரில் படித்துத் தெரிந்தது. பேப்பரைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினான். அவள் படத்தை மட்டும் பார்த்தாள். மணலில் கட்டின படி, பூ, புடவையில் போட்ட கூடாரம். "ஏழு படி கட்டணும், இதுல ஆறுதான் கீது" என்றாள். அவள் வாயிலிருந்து 'கீது' என்று அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு அப்புறம்தான் அவன் வரைவது மாறியது. கண்ணை மூடிக்கொண்டு, கரித்துண்டால், அவள் கையை வரைய ஆரம்பித்தான். ஒரு கையால் தன் முகத்தையோ, ஒரு பாத்திரத்தையோ, அம்மாவின் கையையோ தொட்டுக்கொண்டே இன்னொரு கையால் வரைவது. பார்த்தால் ஒன்றும் புரியாது, கறுப்பாக வழுக்கிக்கொண்டு போகும் கோடுகள், நடுவில் எங்கேயோ ஒரு முட்டி, ஒரு நகம். அறுபது எழுபது தாள் இருக்கும். கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறான், யாரிடமும் காட்டியதில்லை. இதில் பழங்குடி எங்கே என்று கேட்டுவிட்டால். புள்ளி இல்லை, பாம்பு இல்லை. மேடத்துக்குக் காட்ட எடுத்துப் போன அன்றைக்கும் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை, அதற்குள் வரைவாங்க என்று சொல்லிவிட்டான். ஐந்து. இல்லை, அது நண்டு, சின்னது, கிள்ளிவிட்டுப் போய்விட்டது. பரவாயில்லை. வாய் திறக்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் வற்றிக்கொண்டே வந்து இப்போது மார்புக்கு இறங்கியிருக்கிறது. பாலத்தின்மேல் போகிற லாரிச் சத்தம் தண்ணீரில் நடந்து வருகிறது. பறி கனக்கிறது, தாடை வலிக்கிறது, கன்னத்துக்குக் கீழே ஒரு நரம்பு துடிக்கிறது. பதினொன்று. பதினொரு இறால். இவ்வளவு நேரத்தில் எல்லம்மா இரண்டு பறி நிரப்பிக் கரையில் வாளியில் கொட்டிவிட்டாள், இருந்தாலும் பதினொன்று பதினொன்றுதான். ஓவியத்துக்கு வந்த பரிசு எதுவும் இவ்வளவு கனமாக இருந்ததில்லை. மணி என்ன ஆகியிருக்கும். பத்துக்கு முன்னால் கரையேறி வாயைத் துடைத்துக்கொண்டு தயாராக நிற்க வேண்டும். என்ன சொல்வான். சரி மேடம். அல்லது, மேடம் ஒரு விஷயம். ஒரு விஷயம் என்று ஆரம்பித்தால் முடிக்க வேண்டும். மேடம், அந்தப் படம் பொய். அப்ப யார்தான் நீங்க என்று கேட்பார். அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாததால் சரி மேடம். சரி மேடம் என்றால் அப்புறம் வாழ்க்கை முழுக்கப் புள்ளி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பேப்பர்க்காரன் வருவான், போட்டோ எடுப்பான், பேப்பர் இந்தக் குடிசைக்கும் வரும், இறால் மடிக்கிற காகிதமாகவாவது வரும். எல்லம்மா அதைப் பிரித்துப் படிப்பாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். எங்க சொவுத்துலயா, என்பாள்.

போன் அடித்தது. அடிக்கும் என்று காலையிலிருந்து தெரிந்த சத்தம்தான், ஆனாலும் தூக்கிப் போட்டது. எல்லம்மா பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கரை ஏறியிருந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து போனைப் பார்த்தாள். "ஏய் மெட்ராசு, உன் போன் கத்துது. மிருணாளினின்னு வருது." அவள் குரல் கழி பூராவுக்கும் கேட்கிற குரல். "யாருடா இது மிருணாளினி? பேரே பட்டுப் பொடவ கட்டினு கீதே. எங்க அத்தைக்குத் தெரியுமா?" இரண்டு பொம்பளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். குட்டியம்மா அத்தையும் திரும்பினாள். அவன் காது சுட்டது. இல்லை, அப்படியெல்லாம் இல்லை, அந்தம்மாவுக்கு ஐம்பது வயசு. "அது கேலரி" என்றான்.

என்றானா. வாய் திறந்து மூடியது, அவ்வளவுதான். மோவாய்க்குக் கீழே திடீரென்று கனம் இல்லை. பறி மல்லாந்து தண்ணீர் குடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டீ நிறத் தண்ணீருக்குள் பதினொன்றும் போயின, பின்பக்கமாக, ஒவ்வொன்றாகக்கூட இல்லை, ஒரே எகிறு. அவன் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினான். தண்ணீர்தான் வந்தது. கரையில் போன் அடித்து ஓய்ந்தது.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு தூரத்திலிருந்த ஒருத்தி மூக்கால் ஆரம்பித்தாள், தாங்க முடியாமல் பறியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாயால் சிரித்தாள். எல்லம்மா கரையில் குந்திவிட்டாள், இடுப்பில் பிள்ளையும் சேர்ந்து குலுங்கியது. குட்டியம்மா அத்தை தன் பறியை வாயிலிருந்து எடுத்து ஒரு கையில் ஏந்திக்கொண்டாள். சேறு வழிகிற மறு கையால் அவனைச் சுட்டிக் காட்டி, "உங்கம்மாளாட்டமே" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. "அவ இங்கதான்டா வுட்டா. இதே எடம். நான் பக்கத்துல கீறேன். கரையில கரண்டு கம்பம் நட்டாங்க பாரு அந்த வருசம், மேல ஒருத்தன் தொங்கினு கீறான், காக்கிச் சட்ட. கீழ பாத்தான். 'ஏம்மா, உன் பேரு இன்னா?'ன்னான். நாங்கல்லாம் தலைய குனிஞ்சிகினோம். வாய்ல பறி கீது, எவ பதில் சொல்லுவா? இவ தலைய தூக்கி, 'கெங்கம்மா'ன்னா." அத்தை சிரிப்பைத் துடைத்துக்கொண்டாள். "அரப் பறி எறா. அம்புட்டும் போச்சு. உங்க மாமன் ஒரு வாரம் சிரிச்சாரு, பேரு சொன்னவ பேரு சொன்னவன்னு. அப்புறம் அவ அவங்கூடப் போயிட்டா. அதுலேந்து சிரிக்கல." கரையில் எல்லம்மா, "எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா இத" என்றாள். "நீ எங்க கேட்ட. பேசவே உனக்கு நேரம் போதல." அவன் எழுந்து இடுப்பளவுத் தண்ணீரில் காலிப் பறியோடு நின்றான். கம்பம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது, சாய்ந்து, உச்சியில் ஒரு மீன்கொத்தி. எங்கே பார்த்தீங்க அம்மாவை என்று கேட்டால் அப்பா எப்போதும், வேலைக்குப் போன இடத்தில் என்பார். அம்மா, அதெல்லாம் உனக்கு எதுக்கு என்பாள். எதுக்கு என்றால் இதற்குத்தான். இந்த இடத்தில் அவள் வாயைத் திறந்தாள், அரைப் பறி இறால் போயிற்று, இவன் வந்தான். இருபத்து நாலு வருஷமாக எந்தப் பாதி எந்தப் பாதி என்று தடவினானே, மேலே தொங்கினவனும் கீழே நின்றவளும் இந்த ஒரே இடத்தில்தான் இருந்திருக்கிறார்கள். அழுகை வருமோ என்று பார்த்தான். சிரிப்புதான் வந்தது. அதுவும் அம்மா மாதிரியே, தலையைத் தூக்கிக்கொண்டு.

"சிரிச்சது போதும், கவ்வு. இன்னும் ஒரு மணி நேரத்துல தண்ணி ஏறிடும்" என்றாள் அத்தை. காலிப் பறியை வாங்கித் தண்ணீரில் அலசி, அவளே அவன் வாயில் வைத்தாள், பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி. "கவ்வுடா மருமவனே." அவள் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போயே போய்விட்டாள். அவள் என்ன சொன்னாள் என்று அவளுக்கே ஞாபகம் இருக்காது. அவன் கவ்வினான். பல் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது என்று இந்தத் தடவை பார்க்கவில்லை. மண்டி போட்டான். இடது கை முன்னால், வலது கை பின்னால். மேடத்தைக் கூப்பிட வேண்டும், கரையேறிக் கூப்பிட வேண்டும், இதோ ஒன்றாவது பிடித்துவிட்டு. மனசு வழக்கம்போல ஓடிப்போய் அந்த ஒரு சொல்லில் முட்டியது. வரைவாங்க. முட்டின இடத்திலேயே நின்றது. அதற்குள் போன் மறுபடி அடித்தது.

அவன் நிமிர்வதற்குள் எல்லம்மா எடுத்துவிட்டாள். "அலோ. அவன் இல்ல. தண்ணியில கீறான். பேச முடியாது, வாய்ல பறி கீது." அவன் கையை ஆட்டினான். வேண்டாம், வை, நான் வருகிறேன். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே காதில் போனை இன்னும் அழுத்தினாள். "பறின்னா ஓலக் கூட. எறா புடிக்க. ஏற்கெனவே உன்னாலதான்மா ஒரு பறி போச்சு. நானா? நான் அவன் மாமன் மவ." இந்தப் பக்கம் கேட்பது மட்டும்தான் அவனுக்குக் கேட்கிறது. அந்தப் பக்கம் என்ன கேட்கிறார்கள் என்பது அவள் புருவத்தில் தெரிந்தது. புருவம் ஏறியது. "இன்னாது? சொவுத்துலயா?" வாயைத் திறந்து கத்தினால் நிறுத்திவிடலாம். பறியில் ஒன்றும் இல்லை, போவதற்கு எதுவும் இல்லை. திறக்கலாம். திறக்கவில்லை. பல்லை இன்னும் அழுத்தினான், ஓலை நெரிந்தது. "எங்க சொவுத்துல நாங்க இன்னாத்தம்மா வரையப் போறோம். வெலாங்கு வாங்கறவன் நம்பர் எழுதுவேன். மத்தபடி மழ பெஞ்சா அதுவே வரையும். புள்ளியா? பாம்பா? பாம்பப் புடிப்போம், வரைய மாட்டோம்." பொம்பளைகள் மூக்கால் சிரித்தார்கள். எல்லம்மா சிரிக்கவில்லை. அவள் அவனையே பார்த்தாள். நாலு தடவை வந்து சுவரைப் பார்த்தது ஏன் என்று அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது, அது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். போயிற்று. வெள்ளிக்கிழமை போயிற்று. ஆச்சரியம், நெஞ்சில் கனமாக எதுவும் விழவில்லை. இரண்டு மாதமாகக் கவ்விக்கொண்டிருந்த வேறு ஏதோ ஒன்று கழன்று, சாய்ந்து, தண்ணீர் குடித்துப் போய்க்கொண்டிருந்தது, பின்பக்கமாக.

"பொய்யா? அது எனக்குத் தெரியாது" என்று கரையில் எல்லம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், குரல் மாறியிருந்தது. "படம் எங்குளுது இல்ல. அவன் எங்காளுதான். அதுல சந்தேகம் இல்ல, இப்பதான் பறிய வுட்டான், எங்க அத்த வுட்ட அதே எடத்துல. வேறயா? வேற படமா?" அவள் போனைக் காதிலிருந்து எடுத்து அவனைப் பார்த்துக் கூவினாள். "டேய் அத்த மவனே, வேற எதுனா வரஞ்சி வச்சிருக்கியான்னு கேக்குது. பட்டுப்பொடவ கோவமாத்தான் கீது, ஆனா வைக்க மாட்டேங்குது." கட்டிலுக்கு அடியில் அறுபது எழுபது தாள். கறுப்பு. ஒரு முட்டி, ஒரு நகம், தீப்பெட்டிக்குப் பின்னால் இறங்குகிற ஒரு கை. அவன் தலையை ஆட்டினான். மேலும் கீழுமாக, பறி மோவாயில் இடிக்க இடிக்க. "கீதாம்மா. தலைய ஆட்டறான். அந்தப் படத்தோட பேரா? நான் இன்னாத்த கண்டேன். அவன் கரையேறி வந்து சொல்லுவான். இப்ப வாய தொறக்க மாட்டான், அம்புட்டும் போய்டும். ஒரு மணி நேரம் பொறு."

அதே சமயம் அவன் வலது உள்ளங்கையில் ஒன்று வந்து உதைத்தது. பிடித்தான். போட்டான். பறி கனத்தது.